நோட்டீஸில் 'பணிப்பெண்' வேண்டாம்

பெங்களூரில் விமானப் பணிக்குப் பயிற்சி நிலையம் நடத்துவோருக்கு,

வணக்கம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் நீங்கள் தமிழில் கொடுக்கும் நோட்டீஸ்களில் 'விமானப் பணிப்பெண் ஆகலாம்' என்று இருக்கிறது. அந்தச் சொல்லை மாற்றும்படி கேட்கிறோம். நாங்களும் இந்த வேலையைக் கற்றுக்கொடுப்பவர்கள்தான்.

வானில் இந்த வேலையை முதலில் பார்த்தவர் ஓர் ஆண். 1912-இல் ஜெர்மனியின் செப்பலின் வான்கப்பலில் சேர்ந்த ஹைன்ரிச் கூபிஸ். 1937-இல் ஹிண்டன்பர்க் என்ற வான்கப்பல் தீப்பற்றியபோது, ஜன்னல் வழியே குதிக்கச் சொல்லிப் பயணிகளைக் காப்பாற்றியவரும் அவரே. பெண்கள் வந்தது 1930-இல். முதலில் ஏறிய எலன் சர்ச் செவிலியர், விமானம் ஓட்டவும் தெரிந்தவர். ஓட்டும் வேலையை அவருக்குத் தரவில்லை.

பதவிப்பெயர் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஏர் இந்தியாவில் அப்போது ஹோஸ்டஸ் என்ற பெண் பணியாளர்களுக்கு 35 வயதில் ஓய்வு, முதல் கர்ப்பத்திலேயே வேலை போய்விடும் என்று விதி இருந்தது. பயணிகள் அமரும் அதே கேபினில் வேலை பார்த்த ஆணுக்குப் பர்சர் என்று பெயர், அவருக்கு 58 வயது வரை வேலை. 1981-இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியைக் கண்டித்து நீக்கியது. ஆனால் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் கூடாது என்ற விதி தப்பித்தது. ஹோஸ்டஸும் பர்சரும் தனித்தனி வகுப்பு, ஆகவே பாகுபாடு இல்லை என்றார்கள் நீதிபதிகள். பெயரைப் பிரித்ததில் உரிமையும் பிரிந்துபோனது.

வேலையைப் பாருங்கள். கதவு சாத்தியதும், ஆபத்தில் பயணிகள் சறுக்கி இறங்குவதற்கான சறுக்குமெத்தையின் நெம்புகோலைத் தயார்நிலையில் வைக்க வேண்டும், எதிர்க் கதவில் நிற்பவர் அதைச் சரிபார்க்க வேண்டும். தரையிறங்கியபின் விடுவிக்க மறந்து உள்ளிருந்து கதவைத் திறந்தால், சில நொடியில் மெத்தை ஊதிக்கொண்டு வெளியே பாயும். ஏணியருகே நிற்பவர் அடிபடுவார், அடுத்த பயணமும் தாமதமாகும். 50 இருக்கைக்கு ஒருவர், 180 இருக்கைக்கு நால்வர் என்ற கணக்கு காபி ஊற்றுவதற்கு வந்ததல்ல. பாதி வாசல்களே திறந்தாலும் 90 நொடியில் எல்லோரையும் வெளியேற்ற வந்தது.

'பணிப்பெண்' என்றால் தமிழில் வீட்டு வேலை செய்பவரும்தான். அந்த வேலை தாழ்வு என்று சொல்லவில்லை. ஆனால் நோட்டீஸைப் பார்க்கும் தாய்க்கு மகள் தட்டு ஏந்துவதுதான் மனத்தில் வருகிறது. பையன்களோ தங்களுக்கில்லை என்று மடித்துப்போடுகிறார்கள். 'விமானப் பணியாளர்' என்றால் பெட்டி ஏற்றுபவரும் அதில் அடங்குவார். 'கேபின் பணியாளர்' என்று போடுங்கள், அதன் கீழேயே 'ஆண், பெண் இருபாலரும் சேரலாம்' என்று ஒரு வரி. அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போதே இதைச் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
கேபின் பணிப் பயிற்றுநர்கள் சிலர், பெங்களூர்