எங்களை 'மத எதிர்ப்பாளர்கள்'னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கவுன்சில் கூட்டத்தை ஒரு மதத்தோட வழிபாட்டைச் சொல்லி ஆரம்பிக்கக் கூடாதுன்னு நாங்க மனு குடுத்ததைப் போன இதழ்ல போட்டிருந்தீங்க, சந்தோஷம். ஆனா தலைப்பு 'மத எதிர்ப்பாளர்கள் மனு'. அதுல கையெழுத்துப் போட்டவன் நான். சாமி கும்பிடாம வீட்டு வாசல் தாண்டாதவன், அம்மா படுக்கைல கிடந்த காலத்துல என்னைத் தாங்கிப் பிடிச்சதே பிரார்த்தனைதான். என்னைப் போய் மத எதிர்ப்பாளன்னு அச்சுல பாக்குறப்போ எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா? மனுவுல போன் நம்பர் இருந்துச்சே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தக் கூட்டத்துல நான் பாத்ததைச் சொல்றேன். வேற மதத்தைச் சேர்ந்த ஒரு அம்மா, சாக்கடை அடைப்பு பத்தி மனு குடுக்க வந்தவங்க, வழிபாடு ஆரம்பிச்சப்போ எந்திரிக்கல. முன் வரிசைல இருந்தவங்க திரும்பித் திரும்பிப் பாத்தாங்க, ஒருத்தர் "ரெண்டு நிமிஷம் நின்னா என்ன குறைஞ்சா போயிருவீங்க"ன்னார். மடிச்சு வச்ச மனுவை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னாங்க. அப்புறம் அவங்க முறை வந்தப்போ பேச்சே வரல, "படிச்சுப் பாருங்க"ன்னு நீட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்கள நிக்க வச்சது என் சாமி பேரைச் சொல்லித்தான், எனக்கு அதுதான் தாங்கல.

உங்களுக்குத் தெரியாத வரலாறு இல்ல. அரசையும் மதத்தையும் பிரிக்கச் சொல்லிப் போராடுனவங்கள்ல பக்திமான்கள் எத்தனையோ பேர். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் காலனி துரத்திவிட்டதால, 1636ல பிராவிடன்ஸ் நகரத்தை உண்டாக்குன ரோஜர் வில்லியம்ஸ் ஒரு பாதிரியார். 1802ல அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் அரசுக்கும் மதத்துக்கும் நடுவுல 'பிரிக்கும் சுவர்'னு எழுதுனது டான்பரி பாப்டிஸ்ட் கிறிஸ்தவங்களுக்கு, 'எங்க வழிபாட்டு உரிமையை அரசு போடுற பிச்சை மாதிரி நடத்துறாங்க'ன்னு முறையிட்ட விசுவாசிகள் அவங்க. இந்திய அரசியல் சட்டத்துலயும் 25வது பிரிவு நம்பிக்கையைக் காப்பாத்துது, 27வது பிரிவு ஒரு மதத்தை வளக்குறதுக்குன்னு யாரையும் வரி கட்ட வைக்கக் கூடாதுங்குது, ரெண்டும் ஒரே புத்தகத்துல பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு? மத நம்பிக்கை காரணமா தேசிய கீதம் பாடாம மரியாதையா எந்திரிச்சு மட்டும் நின்ன கேரளப் பிள்ளைங்க மூணு பேரை ஸ்கூல் வெளிய அனுப்புனப்போ, 1986ல சுப்ரீம் கோர்ட் அந்தப் பிள்ளைங்க பக்கம் தீர்ப்பு சொன்னதும் இதே சட்டத்தை வச்சுத்தான்.

இது முதல் தடவையும் இல்லீங்க. முன்னாடி லவுட்ஸ்பீக்கர் பத்தி நான் எழுதுன கடிதத்துல 'நானும் நம்பிக்கை உள்ளவன்'ங்கிற வரியை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தைப் போட்டீங்க, சொந்தக்காரங்க கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தேர்தல் நேரத்துல வேட்பாளரோட பக்தியைப் பத்தி முழுப்பக்கம், தண்ணிப் பிரச்சனைக்கு அவர் என்ன செய்வார்னு ஒரு வரி கிடையாது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேக்குறது 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடுன்னு உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சவங்களே இப்படி எழுதுனா வாசகர்கள் என்ன செய்வாங்க?

அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போடுங்க. 'மத எதிர்ப்பாளர்கள்' வேண்டாம், 'குடிமக்கள்'னு போடுங்க, கையெழுத்துப் போட்டவங்கள்ல நம்பிக்கை உள்ளவங்களும் இருக்காங்கன்னு ஒரு வரி சேருங்க. இந்தத் தடவை எந்த வரியையும் வெட்டாம போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்