ஆற்றுக்குள் கூடாரம் அடிக்காதே, தம்பி

அன்பின் தம்பிக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நம் மலையகத்து நோர்ட்டன் பிரிட்ஜுக்குக் கீழே, கெசல்கமு ஓயா ஆற்றின் நடுவில் கிடக்கும் மணல்திட்டு. சனி, ஞாயிறு ஒபிஸ் கூட்டாளிகளோடு அங்கேதான் கூடாரம் என்று எழுதியிருந்தாய். நீங்கள் வருவது எனக்குப் பெரிய சந்தோஷம். இடத்தை மட்டும் மாற்று. போனில் சொன்னால் ‘பார்ப்போம் அண்ணா’ என்று முடித்துவிடுவாய். படத்தைப் பார்த்து இடம் பிடிக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பதால், எல்லோருக்கும் தெரியவே எழுதுகிறேன்.

அந்தத் திட்டு காய்ந்து கிடப்பது மழை இல்லாததால் மட்டுமல்ல. பொகவந்தலாவை, நோர்வூட் பக்கமிருந்து வரும் தண்ணீரை முதலில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மறிக்கிறார்கள். அங்கிருந்து சுரங்க வழியாக விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு இறக்கி, நோர்ட்டன் அணையில் திரும்பவும் மறித்து, இன்னொரு சுரங்கத்தில் பழைய லக்ஷபான மின்நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். லக்ஷபான 1950இல் ஓடத் தொடங்கியது, விமலசுரேந்திர 1965இல். ஆற்றின் தண்ணீர் மலைக்குள்ளே போய்விடுவதால்தான் அணைக்குக் கீழே பாறையும் மணலும் வெளியே தெரிகின்றன. நோர்ட்டன் அணையில் தேங்கும் தண்ணீர் கொஞ்சம்தான். மேலே ஒரு பாட்டம் மழை கொட்டினால் சீக்கிரம் நிரம்பிவிடும். பிறகு அணைக்கு மேலால் வழிந்து வான் பாயும், இல்லாவிட்டால் வான்கதவைத் திறப்பார்கள். நீ நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து சேரலாம். சைரன் ஊதினாலும் ஆற்று இரைச்சலில், கூடாரத்துக்குள் தூங்குகிறவனுக்குக் கேட்கும் என்று நம்ப முடியாது.

உன் படத்தையே பெரிதாக்கிப் பார். வலது பக்கம் மூங்கில் புதர் இருக்கிறதே, அதில் ஆள் தலை உயரத்துக்குச் சருகும் வைக்கோலும் கிழிந்த சிலிசிலி பிளாஸ்டிக் பையும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை காற்றில் வந்தவை அல்ல. தண்ணீர் அதுவரை ஏறி, இறங்கும்போது விட்டுப்போனவை. பாறைகளையும் கவனி. கீழ்ப்பகுதி வழுவழுவென்று வெளுத்திருக்கும், பாசியும் புல்லும் அதற்கு மேலேதான் தொடங்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒருநாளும் படுக்காதே. எந்த ஆற்றுக்குப் போனாலும் இறங்கியவுடன் இதைத் தேடு.

அதற்காக மண்மேட்டின் அடியில் போய் ஒண்டிக்கொள்ளவும் வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நேரம் மண்சரிவால் மலையகம் பட்ட பாடு உனக்குத் தெரியும். மண்சரிவு எச்சரிக்கை வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடு, கட்டிய முற்பணம் போனால் போகட்டும். எனக்குத் தெரிந்த இடம், கரைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து ரோட்டை ஒட்டிய புல்தரை. ஆறு தெரியும், சத்தமும் கேட்கும். தோட்டத்து ஒபிஸில் நானே கேட்டு வைக்கிறேன். கேட்காமல் யாருடைய காணியிலும் இறங்கக் கூடாது.

அப்புறம், அங்கே இருக்கிற சனம். புல்தரைக்குக் கீழே, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருக்கும் பெண்கள் குளிக்கும் பீலி இருக்கிறது, குழாய் போல் தண்ணீர் விழும் இடம். அதற்கு மேலே நின்று சவர்க்காரம் போட்டுச் சட்டி கழுவினால் அந்தத் தண்ணீர்தான் அவர்கள் தலையில் விழும். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து அவர்கள் குளிக்கிற நேரம் அந்தப் பக்கம் கமராவோடு யாரும் போக வேண்டாம். உன் கூட்டாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, அங்கே வந்து நான் சொன்னால் நன்றாக இருக்காது. ஸ்பீக்கரும் வேண்டாம். சனிக்கிழமையும் பெரட்டு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவது, உண்டு, நாள் முழுக்க மலையில் நின்றவர்கள் இரவில் தூங்க வேண்டும்.

விறகுக்கு மரத்தில் கை வைக்காதீர்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகள், கிடக்கும். லயத்தில் காசு கொடுத்து ஒரு கட்டு வாங்கினால் இரவுக்குப் போதும். நன்றாகக் காய்ந்த மிலாறு புகையில்லாமல் நின்று எரியும், தேத்தண்ணிக்கும் ரொட்டிக்கும் அதை விட நல்ல நெருப்பு கிடையாது. கறியை டின்னில் கொண்டுவராமல், லயத்தில் ஒரு வீட்டில் சொல்லிச் சமைப்பியுங்கள். கருவாட்டுக் குழம்பும் கட்டைச் சம்பலும் கிடைக்கும், கொடுக்கிற காசும் ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேரும். காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்புத் தண்ணீரும் சவர்க்காரமும் போதும்.

ஞாயிறு நேரம் இருந்தால் மவுசாக்கலைக்குக் கூட்டிப் போகிறேன். 1969இல் மின்சாரத்துக்காக அந்த நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். கொழும்பில் சுவிட்ச் போடுகிற உன் கூட்டாளிகள் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கித்துல்கல தாண்டி கினிகத்தேனை வந்ததும் ஒரு கோல் எடு. அதற்குப் பிறகு சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். எத்தனை பேர் என்று வியாழக்கிழமைக்குள் சொன்னால் மிலாறுக்கும் சாப்பாட்டுக்கும் சொல்லி வைப்பேன்.

அன்புடன்,
அண்ணன்