படுவான்கரைக் கோபுரங்களின் தரவைத் தாருங்கள்

மதிப்புக்குரிய வலையமைப்புப் பொறியியலாளர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள உங்கள் போன் கோபுரங்களின் தரவைக் கேட்டு எழுதிய எங்கள் மூன்றாவது கடிதத்துக்கும் அதே ஒரு வரிப் பதில்தான் வந்தது: வர்த்தக இரகசியம், தர இயலாது. அதனால்தான் இம்முறை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருத்தி, கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் உள்ளவள். கோபுரத்தின் பல அன்டனாக்கள் வயல்வெளியில் எப்படி வேலை செய்கின்றன என்பதே அவளுடைய இறுதியாண்டு ஆய்வு. நீங்கள் தரவு தராததால் போன மாரி வெள்ளாமைக் காலம் முழுக்க இரண்டு போன்களோடு வரம்பில் நடந்தாள். இருபது அடிக்கு ஒருதரம் நின்று சிக்னலின் வலுவைக் கொப்பியில் எழுதினாள்: மறை 112 dBm, மறை 115, பிறகு வெறும் கோடு. பொழுது பட்டால் யானை வரும் என்று தகப்பன் டோர்ச்சோடு பின்னால் நடந்தார். அந்தக் கொப்பியில் இன்னும் சேறு காய்ந்துபோய் இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டும் கிடைத்தது சிக்னலின் வலு மட்டும்தான். ஒரே நேரத்தில் எத்தனை ஓடைகளாக, அதாவது ஒரே அலைவரிசையில் எத்தனை தனித்தனிப் பங்குகளாகத் தரவு வந்தது என்பதை அந்தப் போன்கள் அவளுக்குக் காட்டவில்லை.

ஆனால் உங்களுக்குக் காட்டுகின்றன. 4ஜி போன் ஒவ்வொன்றும் தரவு பெறும்போது "எனக்கு ஒரு ஓடைதான் பிரிகிறது", "இரண்டு பிரிகிறது" என்று நொடிக்குப் பலமுறை கோபுரத்துக்கு அறிவிக்கிறது. நாங்கள் கேட்பது அதைத்தான். யாருடைய இலக்கமும் பெயரும் வேண்டாம்.

இது ஏன் முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கோபுரம், போன் என இரு பக்கமும் அன்டனாக்களைக் கூட்டினால் அனுப்பக்கூடிய தரவின் கொள்ளளவு கூடும் என்று 1990களிலேயே டெலட்டார், ஃபொஸ்கினி என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அலை சுவரிலும் கட்டடத்திலும் மோதிப் பல வழியாக வந்தால்தான் அந்தப் பலன் முழுதாகக் கிடைக்கும். எங்கள் வட்டையில் அலை எதில் மோதும்? ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வாவி. அன்டனாக்களின் துருவத்தை, அதாவது அலை அதிரும் திசையை, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தினால் இரண்டு ஓடைகள் கலக்காமல் தப்பக்கூடும். சிக்னல் மெலிந்த இடத்திலோ, ஓடையைப் பிரிக்காமல் ஒரே செய்தியை இரண்டு அன்டனாவாலும் அனுப்புவதே நல்லது. அதற்கு அலமூட்டி என்ற பொறியியலாளர் 1998இல் சொன்ன எளிய வழி இருக்கிறது. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும். நகரத்துக்குப் போட்ட கணக்கை வயலுக்குப் போட்டால் பிழையாகிவிடும். ஆகவே மறுபடியும் கேட்கிறேன், அந்தத் தரவைத் தாருங்கள்.

எங்களுக்கு எல்லாமே பிந்தித்தான் வந்தது. மண்முனைப் பாலம்கூட 2014இல்தான் திறந்தது. அதுவரை பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். கொரோனா காலத்தில் பிள்ளைகள் வகுப்புக்காகச் சிக்னல் தேடி அலைந்தார்கள். விளைந்த நெல்லை ஏற்ற மட்டும் லொறி நேரத்துக்கு வரும். சரி, நான் கேட்க வந்தது அதுவல்ல. மனம் பொறுக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இந்த மண்ணை அளக்க இங்கேயே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று கோபுரங்களின் ஒரு மாதத் தரவு போதும். வெளியில் கொடுக்கமாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிடவும், முடிவுகளை முதலில் உங்களிடமே தரவும் ஆயத்தமாக இருக்கிறோம். தயவுசெய்து தாருங்கள். அவள் அறிக்கையை ஆவணி முடிவதற்குள் ஒப்படைக்க வேண்டும்.

இப்படிக்கு,
படுவான்கரையில் பிறந்த ஓர் ஆசிரியன்