அரபு மூலத்தையும் சேர்த்துக் கொடுங்கள்

அரபுக் குதிரைகளைப் பற்றிய பழைய கையெழுத்துப் படிகளை வைத்திருக்கும் நூலகத்தாருக்கும், அவற்றை மொழிபெயர்த்து வெளியிடுகிறவர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு பக்கத்தின் படம் கேட்டு ஏழு மாதம் ஆகிறது. உங்களில் ஒருவர் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில், பாலைவன நாடோடியான பெதுயின் ஒருவர் ‘வயதான குஹைலாப் பெட்டையை’ விற்றதாக வருகிறது. குஹைலா என்பது அரபுக் குதிரைகளில் ஓர் இனவழி. படித்ததும் எனக்கு உறுத்தியது. ‘வயதான’ என்று பெயர்த்த இடத்தில் அஜூஸ் என்ற அரபுச் சொல்தான் இருந்திருக்கும். அஜூஸ் என்றால் கிழவி, சரி. ஆனால் குஹைலத் அஜூஸ் என்பது குதிரையின் வயது இல்லை, ‘கிழவியின் குஹைலா’ என்று ஒரு வம்சத்துக்கே பெயர். மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த மூலத்தைத்தான் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறீர்கள். முதலில் கட்டணம் என்றீர்கள், கட்டினேன். அப்புறம் இன்னொரு படிவம், அப்புறம் பதிலே இல்லை.

வம்சத்தின் பெயர் போனால் அந்தக் குறிப்பில் மிச்சம் என்ன இருக்கிறது? பெதுயின்கள் தாய்வழியில்தான் வம்சம் எண்ணுவார்கள், அதற்கு அவர்கள் வைத்த சொல்லே ரஸன், அதாவது குதிரையின் தலைக்கயிறு. 1848 முதல் 1854 வரை எகிப்தை ஆண்ட முதலாம் அப்பாஸ் பாஷா பாலைவனத்துக்கு ஆள் அனுப்பி, கூட்டத்துப் பெரியவர்களிடம் சாட்சி வாங்கி எழுதிவைத்ததும் இந்தப் பெயர்களுக்காகத்தானே! அதனால் கேட்கிறேன்: மொழிபெயர்ப்போடு அரபு மூலத்தையும் எதிர்ப்பக்கத்தில் அச்சிடுங்கள்.

தமிழனுக்கு இதில் என்ன வேலை என்று நினைக்கலாம். பாண்டிய நாட்டுத் துறைகளில் அரபுக் குதிரைகள் வருடாவருடம் ஆயிரக்கணக்கில் இறங்கின. ஒன்றின் விலை 220 பொன் தீனார், வழியில் செத்ததற்கும் அதே விலை என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரியாமல் இங்கே அவை மடிந்தன, குதிரை வைத்தியர்களை வணிகர்கள் வரவிடவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. அந்த வைத்தியம் அரபுச் சுவடிகளில் இருக்கிறது. எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் அந்-நாஸிர் முஹம்மதின் குதிரை வைத்தியர் அபூ பக்ர் இப்னு பத்ர் எழுதியதை, பெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1852க்கும் 1860க்கும் இடையில் பிரெஞ்சில் கொண்டுவந்துவிட்டார். அரபு படித்த நான் அதைத் தமிழில் கொண்டுவர நினைக்கிறேன், இன்னொருவர் மொழிபெயர்ப்பை நம்பி எப்படிச் செய்வது? சுவடிக்குப் பூட்டுப் போட்டு யாரிடமிருந்து எதைக் காப்பாற்றுகிறீர்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்பவைத்து இந்தத் தாள்களைக் காத்தவர்கள் நீங்கள்தான், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. தயவுசெய்து அரபு மூலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், நான் பணம் கட்டிய அந்த ஒரு பக்கத்தையாவது இந்த மாதம் அனுப்பிவையுங்கள்.