அந்த இடுப்பு ஏன் ஆடுகிறது, மதினி

அன்புள்ள மதினிக்கு,

சின்னவளை இனிமேல் ரோட்டில் நடைப்போட்டி பிராக்டிஸுக்கு விடப்போவதில்லை என்று அண்ணன் போனில் சொன்னார். முடிவு உங்களுடையது என்று எனக்குத் தெரியும். நேரில் வந்தால் இரண்டு பேருக்கும் குரல் உயரும், அதனால்தான் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நம் கடலோரத்தில் தேவிபட்டினத்திலிருந்து மூக்கையூர் வரை இதே பேச்சைக் கேட்டு மகளை வீட்டோடு நிறுத்தும் தாய்மார் இன்னும் இருப்பார்கள்.

"இடுப்ப ஆட்டிக்கிட்டுப் போறா." டீக்கடை வாசலில் யாரோ சொன்ன இந்த ஒரு வார்த்தைதானே உங்களைச் சுட்டது? அதற்கே பதில் சொல்கிறேன்.

நடைப்போட்டிக்கு இரண்டே சட்டம். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் அந்தரத்தில் இருப்பது நடுவரின் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால் தப்பு. அடுத்தது, முன்னால் வைக்கும் கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதற்கு நேர் மேலே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. மடக்கவும் கூடாது, குதிக்கவும் கூடாது என்றால் காலடி நீள்வதற்கு வேறு வழி ஏது? இடுப்புதான் திரும்பிக் கொடுக்க வேண்டும். உலகப் போட்டியில் ஓடுகிறவள் இடுப்பை ஆட்ட வேண்டியதில்லை. நடக்கிறவள் ஆட்டாமல் ஜெயிக்க முடியாது.

கச்சான் காற்று அடிக்கிற நாளில் மண்டபம் ரோட்டில் அவளுக்குப் பின்னாலேயே வண்டியில் மெதுவாகப் போனேன். தார் மேல் மணல் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் குதிகால் ஊன்றுகிறது, விரல்கள் மேல் நோக்கி நிற்கின்றன, முழங்கால் பின்னால் தள்ளிப் பூட்டிக்கொள்கிறது. அடுத்த காலும் அதே கோட்டில் வந்து விழுகிறது. இடுப்புக்குக் கீழே அத்தனை வேலை நடந்தும், தண்ணீர்க் குடம் சுமந்து போவதுபோலத் தலை அசையாமல் போகிறது. தலை ஏறி இறங்கினால் கால் தரையை விட்டுக் கிளம்புகிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்துச் சதை கல்லாக இறுகிவிட, மீன் கம்பெனி ஐஸைத் துணியில் கட்டி ஒத்திக்கொண்டிருந்தாள். தெருவில் சிரித்தவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

போன மாதம் போட்டியில் அவளை வெளியே அனுப்பினார்களே, அதையும் நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டீர்கள். பாதையோரம் நிற்கிற நடுவர் முதலில் மஞ்சள் பலகை காட்டி எச்சரிப்பார். தப்பு தொடர்ந்தால் சிவப்பு அட்டை எழுதுவார். 20 கிலோமீட்டர் போட்டியில் வெவ்வேறு நடுவர்களிடமிருந்து மூன்று அட்டை சேர்ந்துவிட்டால் பெனால்டி இடத்தில் 2 நிமிஷம் நிறுத்துவார்கள், நான்காவது வந்தால் வெளியே. பெனால்டி இடம் இல்லாத போட்டியில் மூன்றாவது அட்டையிலேயே வெளியே. கேமராவைப் போட்டுப் பார்த்துத் தீர்ப்பு மாற்றுகிற வழக்கமே கிடையாது.

2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் ஜேன் சாவில் சொந்த நாட்டு ஜனங்களுக்கு முன்னால் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். ஸ்டேடியத்துக்குள் நுழையும் வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். நான்கு வருஷம் கழித்து ஏதென்ஸில் வெண்கலம் வாங்கினார். ஸ்பெயினின் மரியா பெரஸ் 2022 உலகப் போட்டியில் தகுதிநீக்கம் ஆனவர். அடுத்த வருஷம் புடாபெஸ்டில் 20, 35 கிலோமீட்டர் இரண்டிலும் தங்கம், 2025 டோக்கியோவில் மறுபடியும் இரண்டிலும் தங்கம். டோக்கியோவில் 20 கிலோமீட்டரை 1 மணி 25 நிமிஷம் 54 நொடியில் முடித்தார். அதாவது ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரையைத் தாண்டுகிற தூரம், நடந்தே! நம் பிள்ளைக்கு வந்தது முழங்கால் மடங்கியதற்கான அட்டை. தொடையின் பின்சதைக்கும் இடுப்புக்கும் பயிற்சி கொடுத்தால் அது சரியாகும்.

பெரு நாட்டுக்கு உலகத் தடகளப் போட்டியில் முதல் பதக்கமே இந்த நடையில்தான் வந்தது, கிம்பர்லி கார்சியா என்ற பெண்ணால், 2022இல், இரண்டு தங்கமாக. அதே வருஷம் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நம் பிரியங்கா கோஸ்வாமி 10,000 மீட்டரை 43 நிமிஷம் 38 நொடியில் நடந்து வெள்ளி வாங்கினார். அதற்கு முன்னால் 2014 ஆசியப் போட்டியில் பஞ்சாப் கிராமத்துப் பெண் குஷ்பீர் கவுருக்கும் வெள்ளி. ஆண்கள் 1908லேயே ஒலிம்பிக்கில் நடந்தார்கள், பெண்களுக்கு இடம் கொடுக்க 1992 ஆயிற்று. அவ்வளவு காலம் அடைத்து வைத்திருந்த கதவை நம் வாசலில் நாமே திரும்பச் சாத்த வேண்டுமா?

உடுப்பைப் பற்றியும் சொன்னீர்களாம். நடுவர் முழங்காலைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், தொளதொள பேண்ட் போட்டால் பார்வையை மறைக்கும். அரைக்கால் டவுசர் பிடிக்கவில்லையா, காலோடு ஒட்டின முழு பேண்ட் போடட்டும், சட்டத்தில் தடை இல்லை. நீங்கள் பாசி எடுக்கப் போகும்போது சேலைக்கு மேல் சட்டை மாட்டி, விரலில் துணி சுற்றி, கண்ணாடி போட்டுக் கடலில் இறங்குகிறீர்கள். கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறவனுக்காக அதைக் கழற்றி வைத்தீர்களா?

ஆளில்லாத ரோட்டில் இருட்டோடு அவளைத் தனியாக அனுப்பும் பயம் மட்டும் நியாயமான பயம். அதற்கு நான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு வண்டியோடு வாசலுக்கு வருகிறேன். நீங்களும் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள், அவள் முழங்காலை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள். எங்கே மடங்குகிறது என்று சொல்ல ஒரு கண் வேண்டும், வண்டி ஓட்டிக்கொண்டு என்னால் முடியவில்லை. ஷூ குதிகால் பக்கம் தேய்ந்துவிட்டது, புதிது நான் வாங்கி வருகிறேன். அவள் கால் அளவை மட்டும் அண்ணனிடம் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்