ஐரோப்பியச் சுற்றுலா நடத்துவோருக்கு: பிள்ளைகளுக்கு இரண்டு இரவு கொடுங்கள்

கோடை விடுமுறையில் குடும்பங்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகும் தமிழ்நாட்டுச் சுற்றுலா நிறுவனத்தாருக்கு,

வணக்கம். எனக்குப் பதினொரு வயதில் மகள், ஏழு வயதில் மகன். அவர்களோடு இரண்டு முறை ஜெர்மனி போய் வந்துவிட்டேன். முதல் முறை உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தின் பேருந்தில். அடுத்த முறை நாங்களாகவே போனோம்.

முதல் பயணத்தில் பத்து நாளில் ஏழு நாடு. ஜெர்மனியில் பழைய மதில் சூழ்ந்த ரோத்தன்பர்க் ஊருக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். கழிப்பறை வரிசையிலேயே பதினைந்து நிமிடம் போயிற்று. ஊர் மதிலின் மேல் ஏறிய மகள், கற்களில் வரிசையாகப் பெயர்கள் பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா, நம்ம கோயில் டியூப் லைட்ல உபயம்னு எழுதியிருக்குமே, அது மாதிரியா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் வழிகாட்டி கூப்பிட்டுவிட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு வேறு ஊரில் சொல்லி வைத்திருந்தார்கள்.

அவள் கேட்டது சரிதான். உபயமேதான். இரண்டாம் உலகப் போரில், 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் ஊரின் ஒரு பெரும் பகுதியும் மதிலின் ஒரு நீண்ட துண்டும் அழிந்தன. பிறகு பல நாட்டு மக்கள் பணம் கொடுத்துக் கட்டினார்கள். ஜப்பானியர் பெயர்கள்கூட அங்கே உண்டு. மிச்சம் தப்பியதற்கு ஒரு காரணம், அமெரிக்கப் போர்த்துறை உதவிச் செயலர் ஜான் மெக்கிளாய். தன் தாயின் வழியாக அந்த ஊரை அறிந்திருந்த அவர், அதைப் பீரங்கியால் தாக்க வேண்டாம் என்று தடுத்தார். இதையெல்லாம் அந்த மதிலில் நின்றபடியே என் மகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பேருந்தில் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டாள்.

அடுத்த முறை பக்கத்திலுள்ள நோர்ட்லிங்கனில் இரண்டு இரவு தங்கினோம். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பள்ளத்துக்குள் இருக்கிறது அந்த ஊர். பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அந்த மோதலில் பிறந்த பாறையால் கட்டிய தேவாலயத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில் வைரத் துகள்கள் இருக்கின்றன. சுவரில் மூக்கு உரச வைரம் தேடிய மகனை இழுத்து வரவே பெரும்பாடாகிவிட்டது. அப்பல்லோ 14 வீரர்கள் நிலவுக்குப் போகும் முன் 1970இல் பாறைகளைப் பற்றிப் பாடம் படித்தது இந்தப் பள்ளத்தில்தான் என்றதும், அந்தத் தேவாலயக் கோபுரத்தின் 350 படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறினான். மேலே இருந்து பார்த்தால் சிவப்புக் கூரைகள், அவற்றைச் சுற்றி வட்ட மதில், அதற்கப்பால் பள்ளத்தின் விளிம்பாக மலைகள்.

மதில் முழுவதும் ஒரே சுற்றாக நடக்கலாம், 2.7 கிலோமீட்டர்தான். மே மாதக் கடைசியில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் பிள்ளைகள் எப்படியும் தூங்கப் போவதில்லை. பத்து மணிக்குக் கோபுரக் காவலர் மேலிருந்து குரல் கொடுத்தார். இன்றும் நள்ளிரவு வரை அரை மணிக்கு ஒரு தரம் கூவுகிறார்கள். 1440இல் எதிரிக்காகத் திறந்து வைத்த வாயிற்கதவை ஒரு பன்றி உரசிக் காட்டிக்கொடுத்ததாகவும், அதிலிருந்து வந்ததே இந்தக் கூவல் என்றும் கதை சொல்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகும் என் மகன் இரவில் மாடியில் நின்று அதே மாதிரி கூவினான்.

உங்கள் சிரமம் தெரியாமல் எழுதவில்லை. சின்ன ஊரில் நாற்பது பேருக்கு ஒரே விடுதி கிடைக்காது. செலவும் கூடும். "எத்தனை நாடு?" என்று முதலில் கேட்பவர்களும் பெற்றோராகிய நாங்கள்தான், அந்தத் தவற்றில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் நான்கைந்து குடும்பங்களுக்கென்று தனியாக ஒரு பயணம் போடலாமே. சமையலறையுள்ள வீடுகளாக எடுங்கள், தயிர்ச்சோறு பிசைந்து கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும், பால் தயிரைச் சனிக்கிழமையே வாங்கச் சொல்லுங்கள். கற்கள் பாவிய தெருக்களில் குழந்தை வண்டி உருளாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த கோடைக்கான பயணத் திட்டத்தை அச்சிடும் முன் இரண்டு நாடுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "நோர்ட்லிங்கன், இரண்டு இரவு" என்று போடுங்கள். முன்பணம் கட்ட நானே வருகிறேன், என் தங்கை குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு.

அன்புடன்,
இரு பிள்ளைகளின் தாய்