விலக்கை ஆணையில் அல்ல, சட்டத்தில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உள்துறை அமைச்சகத்தின் 2025 செப்டம்பர் 1 விலக்கு ஆணையை நீங்கள் படித்திருப்பீர்கள். 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல், கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காக வழக்கு வராது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெருமாள்புரம், பழவிளை, கோழிவிளை அகதி முகாம்களுக்கு அது ஆறுதல்தான். மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஆறுதல் நீங்கள் நிறைவேற்றிய சட்டத்தில் இல்லை. குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் இருக்கின்றன. யாருக்கு விலக்கு என்பதை 33ஆம் பிரிவு அமைச்சகத்திடம் விட்டுவிட்டது. நாளைக்கே இந்த ஆணையைத் திருத்தினாலும் உங்களில் ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. எனவே கேட்கிறோம்: விலக்கைச் சட்டத்தில் எழுதுங்கள்.

முகாமில் 2006இல் பிறந்த ஒரு பையனின் காகிதங்களைப் பாருங்கள். பேரூராட்சி கொடுத்த பிறப்புச் சான்று, ஆதார், டிப்ளமோ எல்லாம் உண்டு. ஆனால் 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவன். பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாததால் இந்தியன் ஆகமாட்டான். இலங்கைக் குடியுரிமை வேண்டுமானால் சென்னைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் தாமதப் பதிவு. அதற்கு அப்பா அம்மாவின் இலங்கைச் சான்றுகள் வேண்டும். உயிரைக் கையில் பிடித்துப் படகேறியவர்கள் பத்திரக் கட்டையுமா தூக்கி வந்தார்கள்? கிடைத்தாலும், முகாம் பதிவேட்டில் அப்பா பெயர் ஒரு விதமாகவும் சான்றில் வேறு விதமாகவும் இருக்கும். ஓர் எழுத்து மாறினால் மனு திரும்பி வரும். அடுத்த தெருப் பையன் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி வளைகுடா போகிறான். இவன் அதே டிப்ளமோவோடு பெயின்ட் வாளி தூக்குகிறான். இவனைச் சிறையில் போடமாட்டோம் என்பதற்குமேல் ஆணையில் இவனுக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்று: 2016இல் முகாமில் பிறந்த குழந்தை எந்தத் தேதியில் ‘தஞ்சம் புகுந்தது’?

பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று அண்டை நாட்டுச் சிறுபான்மையினருக்கு அதே ஆணையில் 2024 டிசம்பர் 31 வரை இடம். அவர்களில் 2014 இறுதிக்குள் வந்தவர்களுக்கு 2019இலேயே குடியுரிமைக்குச் சட்டவழியும் திறந்தாயிற்று. அந்தச் சட்டத்துக்கு விதி எழுதவே அரசு 2024 மார்ச் வரை எடுத்துக்கொண்டது. நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்கே இந்தக் கதி என்றால், ஆணைக்கு என்ன உத்தரவாதம்? மாநில அரசைக் கேட்கலாமென்றால் வெளிநாட்டினர், குடிவரவு எல்லாம் ஒன்றியப் பட்டியல். ‘அகதி முகாம்’ பலகையை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றலாம். 2021இல் மாற்றியும் ஆயிற்று. பலகையைக் காட்டினால் பாஸ்போர்ட் தருவார்களா?

கோபம் மிஞ்சிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா ஒன்றும் 1970க்குப் பின் சட்டமாகவில்லை என்பது தெரியும். ஆனாலும் திருத்த மசோதா ஒன்றைக் கட்சி பார்க்காமல் சேர்ந்து கொண்டுவாருங்கள். விலக்கு சட்டத்திலேயே இருக்கட்டும்; இங்கே பிறந்த பிள்ளைகளும் அதற்குள் வரட்டும்; குடியுரிமைக்கு மனுப்போடத் தடையாக நிற்கும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தாது என்றும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தொடரிலேயே செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முகாம் மக்களுக்கு மனு எழுதிக் கொடுப்போர்,
கன்னியாகுமரி மாவட்டம்